மூன்றடுக்கு மண் உரப்பானை: வடசென்னை வீட்டுக்கு ஒத்துவருமா?

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சுட்ட மண் பானை, உச்சியில் ஒரு மூடி. சமையலறைக் கழிவை மேல்பானையில் போட்டுக்கொண்டே வந்தால் மூன்று மாதத்தில் அடிப்பானையில் உரம். கடைக்காரர் சொல்வது இவ்வளவுதான். அதில் பொய் இல்லை, ஆனால் பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறார். பெரம்பூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மாடிகளில் ஆசையாக வாங்கி வைத்த பானை இரண்டாம் மாதமே நாற்றம் தாங்காமல் காலியாகி, ரோஜாச் செடி நடும் தொட்டியாக மாறிப்போவது உண்டு. பானையில் குறை இருந்து அப்படி ஆவது குறைவு. பானையோடு சேர்த்து விற்காத ஒரு பொருளை, அதாவது காய்ந்த சருகையோ தேங்காய் நார்த்தூளையோ, ஏற்பாடு செய்யாமல் தொடங்குவதால்தான் பெரும்பாலும் அப்படி ஆகிறது.

முதலில் பானையைப் பார்த்துவிடுவோம். ஒரு செட் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கி நான்காயிரம் வரை போகிறது. பெயின்ட் அடித்து, கோலம் போட்டு, வார்லி ஓவியம் வரைந்த செட்டுக்கு இன்னும் கூடுதல். அந்தக் கூடுதல் காசு தண்டம் மட்டுமல்ல, கெடுதலும்கூட. மண் பானையின் மேன்மையே அதன் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவதுதான். பெயின்ட் அடித்த சுவர் பிளாஸ்டிக் டப்பாவுக்குச் சமம். வெறும் செம்மண் நிறத்தில் இருப்பதையே கேட்டு வாங்குங்கள்.

அளவு முக்கியம். வாய் அகலம் 14 அங்குலம், உயரம் 12 அங்குலம் இருந்தால் ஒரு பானை சுமார் 25 லிட்டர் பிடிக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஈரக்கழிவு சேரும். போடப்போட அது அமுங்கிக்கொண்டே போவதால் ஒரு பானை நிறைய 25 முதல் 30 நாள் ஆகும், அந்தக் கணக்குதான் சரி. பால்கனிக்கு என்று விற்கும் 10 அங்குல செட்டில் ஒரு பானை பத்து லிட்டர்தான். பத்துப் பன்னிரண்டு நாளில் நிறைந்துவிடும், உள்ளே இருப்பது மக்குவதற்குள் அடுத்த பானைக்கு மாற்ற வேண்டிவரும். ஒருவரோ இருவரோ இருக்கும் வீட்டைத் தவிர மற்றவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான்தான்.

கடையிலேயே விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று கேட்டால் நன்றாக வெந்த பானை. 'டொக்' என்றால் வேகாதது, இல்லாவிட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் போன்ற கடலோரத்தில் இந்தச் சோதனையை விடவே கூடாது. உப்புக்காற்றில் உப்பு சுவருக்குள் இறங்கி, காயும்போது மணியாகத் திரண்டு, வேகாத மண்ணைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். நன்றாக வெந்த பானையிலும் வெளியே வெள்ளையாகப் பூக்கும். அதை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அடுத்தது துளை. அழகுக்காக நான்கு துளை போட்ட பானைகள்தான் நிறைய விற்கின்றன. அது பத்தாது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பன்னிரண்டு துளையாவது வேண்டும். குறைவாக இருந்தால் வீட்டிலேயே போடலாம்: பானையை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, சுவர் துளைக்கும் டிரில் பிட்டை மாட்டி, ஹாமர் மோடை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். முதலில் சின்ன பிட், பிறகு பெரியது. ஹாமரில் வைத்தால் பானை இரண்டாகும். துளைகளுக்கு உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டிவிட்டால் பல்லியும் ஈயும் உள்ளே போகாது.

மேல் இரண்டு பானைக்கும் அடிப்பாகம் கிடையாது, கயிறு பின்னல்தான் இருக்கும். அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்துத் தொடங்குவார்கள். பெரும்பாலான செட்டில் தேங்காய்நார்க் கயிறு கட்டித் தருகிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அந்தக் கயிறும் மக்கும் பொருள்தானே, நாலைந்து மாதத்தில் பானை அதையும் சாப்பிட்டுவிடும். ஒரு நாள் காலையில் மேல்பானைச் சரக்கு மொத்தமும் நடுப்பானையில் கிடக்கும். வாங்கிய அன்றே அதை அவிழ்த்துவிட்டு, 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றால் இரண்டு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுவது நல்லது. கம்பிவலை போடலாம் என்பார்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் வில்லிவாக்கத்தில் சரி, கடலோர ராயபுரத்தில் துரு தின்றுவிடும்.

செட்டாக வாங்க மனமில்லாதவர்களுக்கு மண்பாண்டக்காரர்கள் இருக்கும் கொசப்பேட்டை இருக்கிறது. கொலு பொம்மைக்கும் பிள்ளையாருக்கும் மட்டும்தான் அந்தப் பக்கம் போக வேண்டும் என்றில்லை. வாயகன்ற பானை, பொருந்துகிற மூடி என்று அளவைக் காகிதத்தில் வரைந்து கொண்டுபோனால் பேசி வாங்கலாம். முன்கூட்டியே சொல்லிச் செய்யச்சொன்னால் பச்சை மண்ணிலேயே துளை போட்டுச் சுட்டுத் தருவார்கள், டிரில் வேலை மிச்சம். மழை மாதங்களில் சூளை வேலை தள்ளிப்போகும், ஐப்பசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எங்கே வைப்பது? ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் இருக்கிறது. தேக்கு விட்டத்தின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டது. மூன்று பானையும் நிறைந்தால் எடை அறுபது கிலோ வரும். ஒரு ஆள் நிற்கிற எடைதான் என்றாலும் இது நாள்முழுக்க, வருடம்முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் ஆள். ஆகவே நடுக்கூரையில் வைக்காமல், கீழே சுவர் வரும் ஓரமாக வையுங்கள். எடையைவிடப் பெரிய சங்கதி கசிவு. பானையடியில் ஈரம் தேங்கினால் காரை ஊறும், விட்டம் கெடும். மூன்று செங்கல் வைத்து, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் பானை என்று நிறுத்தினால் அடியில் காற்றோடும். காங்கிரீட் மாடி என்றாலும் இப்படியே செய்வது உத்தமம். புளியந்தோப்பு போன்ற தாழ்வான தெருக்களில் தரைத்தள வீடு என்றால் மழைத்தண்ணீர் எட்டாத உயரத்தில் திண்ணையோ மேடையோ வேண்டும். ஒரு முறை வெள்ளத்தில் ஊறிய பானைச் சரக்கை மீட்பது வீண்வேலை. மேல்வெயில் நேராக விழாத, மழைச்சாரல் அடிக்காத மாடிப்படி முடியும் மூலைதான் பெரும்பாலான வீடுகளில் சரியான இடம்.

இனி விற்காத அந்தப் பொருளுக்கு வருவோம். காய்கறித் தோல், பழத்தோல், சோறு எல்லாம் நைட்ரஜனும் தண்ணீரும் நிறைந்தவை. கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தால்தான் நுண்ணுயிர்கள் நாறாமல் வேலை செய்யும். சமையலறைக் கழிவில் மட்டும் அந்த விகிதம் வராது, காய்ந்த பொருள் சேர்ந்தே ஆக வேண்டும். கணக்கு எளிது: இரண்டு கிண்ணம் ஈரக்கழிவுக்கு ஒரு கிண்ணம் நார்த்தூள். இலைச்சருகு, மர இழைப்புச் சுருள் என்றால் சம அளவு. மரவாடியில் கிடைக்கும் நைஸ் மரத்தூள் மட்டும் வேண்டாம். மாவு மாதிரி படிந்து காற்றை அடைத்துவிடும். இழைப்புளியில் சுருண்டு விழுவதைக் கேளுங்கள். பிளைவுட் தூளில் பசை இருக்கும், அதையும் தொடாதீர்கள்.

நார்த்தூள் கட்டியில்தான் பலர் தவறுகிறார்கள். 5 கிலோ கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் வீதம் மூன்று மாதம் ஓடும். செடிக்குப் போடும் பழக்கத்தில் அதைச் சொதசொதவென்று ஊறவைத்து அப்படியே பானையில் போட்டால், ஏற்கனவே தண்ணீர் குடித்த தூள் கழிவின் தண்ணீரை எப்படிக் குடிக்கும்? ஊறி உதிர்ந்ததும் மாடியில் இரண்டு நாள் வெயிலில் பரப்பி, கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிரும் பதத்துக்குக் காயவைத்து, மூட்டை கட்டி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: தண்ணீரில் அலசாத நார்த்தூளில் உப்பு அதிகம். அது உரத்திலேயே தங்கி நாற்றின் இலை நுனியைக் கருக்கும். உப்பு நீக்கிய கட்டியா என்று கேட்டு வாங்குங்கள்.

காசு கொடுக்காமலும் சருகு கிடைக்கும். தெருவில் வேம்பும் புங்கனும் உதிர்ப்பதைப் பெருக்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் தனியாக ஒரு சாக்கில் கட்டி வைப்பார். அவருக்கு அது கார்ப்பரேஷன் வண்டியில் ஏற்ற வேண்டிய சுமை, உங்களுக்குச் சரக்கு. கையோடு ஒரு டீயும் வாங்கிக்கொடுத்தால் குறைந்துபோய்விட மாட்டோம். மளிகைக்கடை முட்டை அட்டை, கிழித்துப் போட்டால் அருமையான சருகு, உள்ளே காற்றுக்கும் இடம் விடும். டீக்கடைச் சக்கையும் கிலோக்கணக்கில் கிடைக்கும். ஆனால் நிறம் பழுப்பு என்பதற்காக அதைச் சருகுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டீச்சக்கை நைட்ரஜன் பக்கம்தான். பாலும் சர்க்கரையும் போக ஒரு முறை அலசி, ஈரக்கழிவாகவே எண்ணுங்கள்.

தினசரி வேலை ஐந்து நிமிடம். கழிவை இரண்டு அங்குலத்துக்கு மேல் பெரிதாக இல்லாமல் நறுக்கி, வடிதட்டில் பத்து நிமிடம் தண்ணீர் வடியவிட்டுப் போடுங்கள். மேலே நார்த்தூள், கழிவு கொஞ்சமும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. பானையின் முதல் வாரத்தில் புளித்த மோர் ஒரு டம்ளர் தெளித்தால் நுண்ணுயிர் பிடித்துக்கொள்ளும். முந்தைய உரம் ஒரு கைப்பிடி இருந்தால் அதுவே போதும், பாக்கெட்டில் விற்கும் பொடி கட்டாயமில்லை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை குச்சியால் அடிவரை கிளறிவிட வேண்டும். சாமி பூவில் இப்போது வாழைநாருக்குப் பதில் நூல்தான் வருகிறது. உருவிவிட்டுப் பூவை மட்டும் போடுங்கள், இல்லையென்றால் கிளறும் குச்சியில் பந்து பந்தாகச் சுற்றிக்கொள்ளும். மாங்கொட்டை, தேங்காய் ஓடு, இளநீர்க் கூடு, எலும்பு எதுவும் வேண்டாம். முருங்கைக்காய்ச் சக்கை மக்கும், ஆனால் அதற்கு ஆயுசு ஜாஸ்தி. சலிக்கும்போது திரும்பத் திரும்ப அதே முகத்தைப் பார்ப்பீர்கள். காய்ந்த தேங்காய் ஓடு இருந்தால் கரிப்பெட்டி வைத்திருக்கும் இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

மீந்த சோறு கொஞ்சம் போடலாம், நிறையப் போட்டால் கட்டியாகிப் புளிக்கும். கெடுவதற்கு முன்பே யாருக்காவது போய்ச் சேர வேண்டியது அது. மாடு வைத்திருப்பவர் தெருவில் இருந்தால் கழுநீரும் காய்த்தோலும் அங்கே போகட்டும். கழுநீர்ப் பானை வைத்துப் பால்காரருக்குக் கொடுத்த ஊர்தான் இது. மாட்டுக்குப் போன தோல் பானைக்கு வரவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

மேல்பானை நிறைந்ததும் அதை நடுவுக்கும், காலியான நடுப்பானையை மேலுக்கும் மாற்றுங்கள். அதுவும் நிறைந்தால் நடுப்பானைச் சரக்கை அடிப்பானையில் கொட்டிவிட்டு மறுபடி சுழற்சி. நிறைந்த பானை ஒன்று இருபது கிலோ. இடுப்புவலி உள்ளவர் தனியாகத் தூக்கக் கூடாது, பாதியை வாளியில் அள்ளிவிட்டுத் தூக்குங்கள். பானை உடைவது பெரும்பாலும் இந்த மாற்றும் வேலையில்தான்.

என்னென்ன தவறும்? அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே காற்றில்லை, ஈரம் அதிகம். கிளறி, இரண்டு மடங்கு சருகு போட்டு, இரண்டு நாள் புதுக்கழிவு போடாமல் விட்டால் அடங்கிவிடும். மூத்திர வாடை என்றால் அமோனியா, சருகு போதவில்லை என்று பொருள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வருவது சரியான பதம். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கத்திரி வெயிலில் மண் பானை ஈரத்தை வேகமாக இழக்கும், அப்போது இது அடிக்கடி நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு. காற்றே ஈரமாக இருப்பதால் சுவர் காயாது, அந்த இரண்டு மூன்று மாதம் சருகை இரட்டிப்பாக்குங்கள். வெள்ளைப் பூஞ்சை நல்லது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

புழுவுக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஒரு அங்குலம்கூட இல்லாத, தட்டையான, மணல் நிறத்திலிருந்து கறுப்பாக மாறும் புழு கூட்டமாக நெளிந்தால் அது கருப்பு ராணுவ ஈயின் புழு. கழிவை வெகுவேகமாகத் தின்னும், கடிக்காது. அந்த ஈ வளர்ந்தபின் நம் சாப்பாட்டில் வந்து உட்காரும் ரகமும் இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை என்றால் சருகு கூட்டி ஈரத்தைக் குறைத்தாலே எண்ணிக்கை விழும். ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ தெளித்தால் புழுவோடு சேர்ந்து உரம் செய்யும் உயிரும் போகும்.

மீன் கழிவு பற்றி விற்பவர் 'போடலாம்' என்பார். வடசென்னையில் போடாதீர்கள். காசிமேட்டு மீன் தலையும் குடலும் உள்ளே இருக்கிறது என்றால் பூனைக்கும் பெருச்சாளிக்கும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை, இரவே மூடி உருண்டு கிடக்கும். அதற்கு வேறு வழி மீன் அமிலம், செடிக்குத் தண்ணீரில் கலந்து விடும் திரவ உரம். மீன் கழிவு ஒரு கிலோ, பொடித்த வெல்லம் ஒரு கிலோ, நன்றாகப் பிசறி வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் பாதியளவு நிரப்பி மூடி நிழலில் வையுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். முதல் பத்து நாள் தினமும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வாயுவை விட வேண்டும். நாற்பது நாளில் மீன் வாடை போய்ப் பழவாடை வந்தால் வடிகட்டிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி, அதற்குமேல் ஊற்றினால் இலை கருகும். நாற்பது நாளுக்குப் பிறகும் மீன் வாடை போகாவிட்டால் வெல்லம் குறைவு, இன்னும் கால் கிலோ சேருங்கள்.

இரண்டாயிரம் ரூபாய் பெரிய காசு என்பவர்களுக்குப் பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு போதும். பக்கத்திலும் அடியிலும் 8 மில்லிமீட்டர் துளை முப்பது, அடியில் ஒரு தட்டு, அதே விகிதம். உரத்தின் தரத்தில் வித்தியாசம் இருக்காது. பிளாஸ்டிக் சுவர் ஈரம் விடாது என்பதால் சருகு கால் பங்கு கூடும், கிளறுவது தினமும் ஆகும், அவ்வளவே. ஒரு வாளியில் மூன்று மாதம் பழகிவிட்டுப் பிறகு பானைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். மண் பானையின் லாபம், அது நம் சோம்பலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்பதுதான். அதற்குத்தான் அந்த விலை.

எதையும் செய்யாமல் ஈரக்கழிவுக்கான பச்சைத் தொட்டிக்குப் பிரித்துக் கொடுத்தாலும் நல்லதுதான். ஆனால் பிரிக்காமல் கட்டித் தரும் பை என்ன ஆகிறது என்பதைக் கொடுங்கையூர் பக்கம் வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடசென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த, சுமார் 340 ஏக்கர் கிடங்கு அது. காற்றில்லாமல் அமுங்கிய ஈரக்கழிவிலிருந்து மீத்தேன் வருகிறது, கிடங்கு பற்றிக்கொண்டால் எளிதில் அணையாததற்கு அதுவும் ஒரு காரணம். சொந்தத் தெருவில் ஒரு கிலோ குறைந்தால் அதே வடசென்னைக்குள் ஒரு கிலோ குறைகிறது.

ஒரே மாடியில் மூன்று போர்ஷன் என்றால் ஆளுக்கொரு செட் தேவையில்லை. இந்த அளவுப் பானை ஐந்து பேருக்குத் தாங்கும், பத்துப் பேர் என்றால் இரண்டு செட். சருகு வாங்குவது ஒரு வீடு, கிளறுவது ஒரு வீடு, பானை மாற்றுவது ஒரு வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'யாராவது கிளறுவாங்க' என்று விட்டால் யாரும் கிளறமாட்டார்கள். வடியவிடாமல் சாம்பாரோடு கொட்டுபவர் ஒருவர் எப்படியும் இருப்பார். பானைக்குப் பக்கத்திலேயே ஒரு வடிதட்டைத் தொங்கவிட்டால் சண்டையில்லாமல் தீரும்.

அடிப்பானைச் சரக்கு கறுத்து, மழை பெய்த மண்வாடை வந்து, கையில் சூடு தெரியாமல் இருந்தால் எடுக்கலாம். மணல் சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மேல்பானைக்கே திருப்பிவிடுங்கள். மாதம் 25 கிலோ கழிவுக்கு நான்கைந்து கிலோ உரம் எதிர்பார்க்கலாம், அதற்குமேல் யாராவது சொன்னால் ஈரத்தோடு எடைபோட்டிருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் பத்து வெந்தயத்தை அதில் விதையுங்கள், எட்டு முளைத்தால் பதம் சரி. மண் மூன்று பங்கு, உரம் ஒரு பங்கு என்று கலந்துதான் செடிக்கு, நேரே கொட்டக் கூடாது. மூன்று நான்கு தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு வருடம் முழுக்க இவ்வளவு உரம் செலவாகாது. எதிர்வீட்டுத் துளசி, தெருமுனை முருங்கை, சருகு மூட்டை கட்டித் தந்தவர் வீட்டு வாசலில் இருக்கும் கறிவேப்பிலை, எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொட்டலமாகக் கொடுக்கும்போது 'மண்ணோடு கலந்து போடுங்க' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பானை ஒன்று கீறல் விட்டால் செட்டையே தூக்கிப் போட வேண்டாம். கீறல் பானையைச் சுற்றிக் கம்பி இறுக்கி அடியில் வைத்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடும், அடிப்பானைக்கு அசைவே கிடையாது. முழுசாக உடைந்தால் ஓட்டுச்சில்லை எடுத்து வையுங்கள், செடித்தொட்டியின் அடித்துளையில் வைக்க அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.